முதலில் அழைப்பது யார்? தொலைவிலிருந்து கணினி உதவி: இரு வழிகளின் ஒப்பாய்வு

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகங்கள் ஊழியர்களை மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பின. வேலை எப்படியோ நடந்தது. கணினி மக்கர் செய்தால் யார் வந்து பார்ப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை. அதுவரை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் ஐடி ஊழியர் ஒரு மாடி ஏறினால் போதும். கிள்ளான் கிளையில் கோளாறு என்றால் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடிப்பார். அவசரமென்றால் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காரோடு நிற்பார். ஆணை வந்த பிறகு இரண்டுக்கும் வழியில்லை.

கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே பூச்சோங்கிலோ காப்பாரிலோ சாப்பாட்டு மேசையில் ஓடும் அலுவலகக் கணினியை இருந்த இடத்திலிருந்தே சரிசெய்வது இன்று ஐடி பிரிவின் அன்றாட வேலை.

அதற்குப் பெருவழக்காக இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, ஊழியரின் கணினியை விபிஎன் என்னும் மறையாக்கிய சுரங்க இணைப்பு மூலம் நிறுவனத்தின் ஃபயர்வாலுக்குள் கொண்டுவந்து, பக்கத்து அறைக் கணினியைப் போலவே கையாள்வது. மற்றது, டீம்வியூவர், எனிடெஸ்க், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் அசிஸ்ட் போன்ற சேவைகளின் இடைநிலை சர்வரில் ஊழியரும் ஐடி உதவியாளரும் போய்ச் சந்திப்பது. எது வேகம், எது மலிவு என்றுதான் பெரும்பாலும் இவற்றை எடைபோடுகிறார்கள். இங்கே அளவுகோல்கள் வேறு: இணைப்பை முதலில் தொடங்குபவர் யார், அதற்காகக் காத்திருப்பவர் யார், கோளாறு வந்த நேரத்தில் எது கைகொடுக்கும், நடந்ததற்குச் சான்று யாரிடம் இருக்கும்.

இரு பக்கமும் அடைப்பு

ஃபயர்வாலின் அடிப்படைக் குணம் ஒன்றே. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை விடும். அதற்கு வரும் பதிலையும் விடும். வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை மறுக்கும். வீட்டில் இருக்கும் யூனிஃபை இணைய ரவுட்டரும், வேறு காரணத்தால், இதையே செய்கிறது. வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பதால், வெளியிலிருந்து வரும் இணைப்பை யாரிடம் தருவது என்று அதற்குத் தெரியாது. ஆக, அலுவலகத்தில் உள்ள உதவியாளரும் வெளியே அழைக்கலாம்; வீட்டில் உள்ள ஊழியரும் வெளியே அழைக்கலாம். ஒருவர் அழைப்பை இன்னொருவர் வாங்கத்தான் முடியாது.

வீட்டு ரவுட்டரில் 3389 எண் போர்ட்டைத் திறந்து, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்தில் விடுவது சிலர் கையாண்ட குறுக்குவழி. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை. 2019 மே மாதம் வெளிவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பின் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அந்த ஒன்றே ஆபத்தின் அளவைச் சொல்லும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கோ அந்தக் குறுக்குவழியும் கிடையாது. கைப்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. 100.64 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், திறப்பதற்குத் தன் வசம் போர்ட் எதுவும் இல்லை என்று பொருள்.

விபிஎன் வழி: நிறுவனமே காத்திருக்கிறது

இவ்வழியில் ஊழியரின் மடிக்கணினிதான் முதலில் அழைக்கிறது. அலுவலக ஃபயர்வால் அந்த அழைப்புக்காகக் காத்திருந்து, ஆளைச் சரிபார்த்து, சுரங்கம் ஒன்றை அமைத்து, உள் முகவரி ஒன்றைத் தருகிறது. அதன் பிறகு உதவியாளர் அந்த முகவரிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பையோ, திரையைப் பகிரும் விஎன்சி மென்பொருளையோ தொடுக்கலாம்.

கேட்க எளிது. நடைமுறையில் மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது, திசை. விபிஎன்னை அமைத்தவர் ஊழியர் வீட்டிலிருந்து அலுவலகக் கோப்புகளை எட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். விபிஎன்னிலிருந்து உள்ளே போக விதி இருக்கும். உள்ளிருந்து விபிஎன் கணினிக்குப் போக விதி இருக்காது. உதவிக்கான இணைப்போ இந்த எதிர்த்திசையில் போவது. இரண்டாவது, மடிக்கணினியின் சொந்த ஃபயர்வால். விபிஎன் இணைப்பை விண்டோஸ் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டால், அலுவலகத்திலிருந்து வரும் இணைப்பையும் அந்நியமென்று தள்ளிவிடும். மூன்றாவது, முகவரி மோதல். அலுவலகமும் 192.168.1 என்ற தொடரில் இருந்து, வீட்டு ரவுட்டரும் அதே தொடரில் இருந்தால், 192.168.1.10 என்பது அலுவலக சர்வரா வீட்டுப் பிரிண்டரா என்று மடிக்கணினி குழம்பும். கடைவீட்டு அலுவலகங்களில் பெட்டியைப் பிரித்தபடியே மாட்டிய ரவுட்டர்கள் ஏராளம் என்பதால், இது அடிக்கடி வரும் தலைவலி.

இணைந்த பிறகும் ஒரு சங்கடம் உண்டு. சாதாரண விண்டோஸில் உதவியாளர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்ததும் ஊழியரின் திரை பூட்டிக்கொள்ளும். “எங்கே தட்டினால் பிழை வருகிறது, காட்டுங்கள்” என்று கேட்க முடியாது. விண்டோஸ் ஹோம் பதிப்பிலோ இந்த வசதியே கிடையாது. இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமென்றால் விஎன்சி போன்ற ஒன்று தேவை.

இடைநிலை சர்வர் வழி: மூன்றாமவர் காத்திருக்கிறார்

இங்கே இருவருமே வெளியே அழைக்கிறார்கள். இருவர் கணினியும் சேவை நிறுவனத்தின் சர்வரைத் தொடுகின்றன. டீம்வியூவர் 5938 எண் போர்ட்டை முதலில் முயலும். அது அடைபட்டிருந்தால், எல்லா இணையதளமும் போகிற 443இல் போகும். ஃபயர்வாலுக்கு அது வழக்கமான வெளிச்செல்லும் இணைப்பு. அடையாள எண்ணைக் கொண்டு சர்வர் இருவரையும் சேர்த்துவைக்கிறது. முடிந்தால் இரு கணினிகளும் நேருக்கு நேர் பேசும். முடியாவிட்டால் தரவு சர்வர் வழியாகவே போகும். விதி எழுத வேண்டாம், முகவரி மோதல் இல்லை, ஹாட்ஸ்பாட் என்றாலும் தடையில்லை.

உதவி பெறும் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த உரையாடல் இப்படிப் போகும்:

“அக்கா, திரையில ஒன்பது நம்பர் தெரியுதா? அத மட்டும் படிங்க.”

“படிச்சிட்டேன் தம்பி. இப்ப ‘அக்செப்ட்’டுன்னு ஒன்னு வருது.”

“அத அமுக்குங்க. சரி, இப்ப நான் ஒரு புரோகிராம் போடப் போறேன்.”

“திரை மங்கிப் போச்சு. பாஸ்வேர்ட் கேக்குது.”

“எனக்கு இங்க கருப்பாத்தான் தெரியுது.”

கடைசி இரண்டு வரிகளில்தான் இவ்வழியின் முட்டுக்கட்டை. நிர்வாகி அனுமதி கேட்கும்போது விண்டோஸ் தனித் திரை ஒன்றுக்கு மாறிவிடுகிறது. அவ்வப்போது இறக்கி ஓட்டும் உதவிச் செயலிக்குப் பெரும்பாலும் அந்தத் திரை தெரியாது. ஊழியருக்கு நிர்வாகிக் கடவுச்சொல் தெரியாது; உதவியாளர் அதைத் தொலைபேசியில் சொல்லவும் கூடாது. செயலியை முன்கூட்டியே நிர்வாகி உரிமையோடு நிறுவி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. அவசரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த அலுவலகங்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கின்றன.

கோளாறு நேரத்தில்

விபிஎன்னின் பெரிய குறை அதன் தர்க்கத்திலேயே இருக்கிறது. விபிஎன்னே வேலை செய்யவில்லை என்று அழைப்பவருக்கு விபிஎன் வழியாக உதவ முடியாது. வீட்டில் இருப்பவர் வாரக்கணக்கில் விபிஎன் போடவில்லை; அதற்குள் அலுவலகத்தில் அவர் கடவுச்சொல் காலாவதியாகி மாற்றப்பட்டுவிட்டது; மடிக்கணினிக்குப் பழைய சொல்தான் தெரியும், விபிஎன்னோ புதிய சொல்லைக் கேட்கிறது. இப்படிப்பட்ட அழைப்புகளில் இடைநிலை சர்வர் வழிதான் கைகொடுக்கும்.

அலுவலகமே முடங்கினாலும் அப்படித்தான். 2021 டிசம்பர் 18, 19 தேதிகளின் பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் நீரில் மூழ்கின. அப்படியொரு நாளில் கீழ்த்தளத்து ஃபயர்வாலுக்கு மின்சாரம் போனால் விபிஎன்னும் அதோடு போகும். மூன்றாமவரின் சர்வரில் சந்திப்பவர்களுக்கு அலுவலகக் கட்டடம் தேவைப்படாது.

வீட்டில் இணையமே இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். “ரவுட்டர அடைச்சிட்டுத் திரும்பத் திறங்க” என்று தொலைபேசியில் சொல்வதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

இணையம் மெதுவாக இருக்கும் இடத்தில் திரையைப் படமாக அனுப்பும் எந்தக் கருவியும் திணறும். இதற்கு பிரிக்பீல்ட்ஸிலேயே பொருந்தும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான். பார்வையற்றவர் பயன்படுத்தும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் தொலைவு உதவிக்கான வசதி 2015இல் துணைச் செயலியாக வந்தது. 2025இன் முதல் பதிப்பிலிருந்து மென்பொருளோடு சேர்ந்தே கிடைக்கிறது. அது படத்தை அனுப்புவதில்லை. அந்தக் கணினி பேச வேண்டிய சொற்களை மட்டும் அனுப்புகிறது. உதவியாளரின் கணினி அவற்றைத் தன் குரலில் படிக்கிறது. இருவரும் ஒரே திறவுச்சொல்லோடு இடைநிலை சர்வரில் சேர்கிறார்கள். திரையைப் பார்க்காத ஒருவர், திரையைப் பார்க்காத இன்னொருவரின் கணினியைச் சரிசெய்ய அதுவே போதும். தொலைவு உதவி என்றால் படம் பகிர்வதுதான் என்று எண்ணிப் பட்டியல் போடும் ஐடி பிரிவுகள் கவனிக்க வேண்டிய கருவி இது.

காத்திருப்பவருக்கு வரும் ஆபத்து

இரு வழியிலும் ஊழியரின் கணினியே முதலில் அழைக்கிறது. வேறுபாடு, அழைப்புக்காகக் காத்திருப்பவர் யார் என்பதில்தான். காத்திருப்பவர் எப்போதும் இணையத்தின் கண்ணில் படுபவர், அவரைத்தான் தாக்குகிறார்கள்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நிறுவனம் முடக்கப்பட்டது. பயன்பாட்டில் இல்லாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்தார்கள் என்றும், அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை என்றும் அதன் தலைவர் செனட் விசாரணையில் கூறினார். நிறுவனமே காத்திருந்தால் பழைய கணக்கை மூடுவதும் ஃபயர்வால் மென்பொருளைப் புதுப்பிப்பதும் நிறுவனத்தின் தலையில் விழும் என்பது அதன் பாடம்.

மறுபக்கத்தில், 2024 பிப்ரவரி 2ஆம் தேதி எனிடெஸ்க் தன் உற்பத்திச் சர்வர்கள் ஊடுருவப்பட்டதாக அறிவித்தது. தன் மென்பொருளுக்குக் கையொப்பமிடும் சான்றிதழை மாற்றியது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவர் தன் அலுவலக நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்ததைத் தெரிவித்தது. வாடிக்கையாளர் இணைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது. இத்தகைய சேவைகள் திரைக் காட்சியை முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்வதாகச் சொல்கின்றன. அது உண்மையாக இருந்தாலும், யாரை யாரோடு சேர்த்துவைப்பது என்பதும், ஊழியரின் கணினியில் எந்தப் பதிப்பு நிறுவப்படும் என்பதும் மூன்றாமவர் கையில்தான். விபிஎன்னில் நம் கவனக்குறைவுக்கு நாம் பொறுப்பு. இங்கே பிறர் கவனக்குறைவை நாம் சுமக்கிறோம்.

இரண்டையும் கலந்த ஏற்பாடும் உண்டு, அது புதிதல்ல. 1990களில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த விஎன்சியிலேயே எதிர்த்திசை இணைப்பு இருந்தது. உதவியாளர் தன் பக்கம் 5500 என்ற ஒரே போர்ட்டைத் திறந்து காத்திருப்பார். ஊழியரின் கணினி அவரை அழைக்கும். இன்று ரஸ்ட்டெஸ்க் போன்ற திறமூல மென்பொருளில் இடைநிலை சர்வரை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். வசதி இரண்டாம் வழியுடையது. புதுப்பிக்கும் பொறுப்பு முதல் வழியுடையது. அந்த சர்வரைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

சான்று யாரிடம்

உதவியாளர் பார்க்கும் திரையில் வெறும் பிழைச்செய்தி மட்டும் இருப்பதில்லை. சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், வருமானவரிப் படிவம் எல்லாம் திறந்திருக்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தும். அதன் திருத்தப்படி 2025 ஜூன் 1 முதல், தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த 72 மணி நேரத்தில் எழும் முதல் கேள்வி, யார் எப்போது எந்தக் கணினிக்குள் நுழைந்தார் என்பது. விபிஎன் வழியில் பதில் நிறுவனத்தின் ஃபயர்வால் பதிவிலேயே இருக்கும். இடைநிலைச் சேவையின் கட்டணப் பதிப்பில் அது சேவைக் கணக்கில் இருக்கும், கேட்டு எடுக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவசப் பதிப்பை அலுவலகத்தில் ஓட்டினால், உரிம மீறல் ஒருபுறம் இருக்க, நிறுவனத்தின் கையில் முறையான பதிவு எதுவும் மிஞ்சாது. செலவைக் கணக்கிடும்போது உரிமக் கட்டணத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு அலுவலகங்கள்

மேலே சொன்னவை எப்படி முடிவாக மாறும் என்பதற்கு இரண்டு வகை அலுவலகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்தில் மாடியில் இயங்கும் சிறு கணக்கர் அலுவலகம். 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டங்கட்டமாக வந்த இ-இன்வாய்ஸ் முறையால் அதன் வேலை பாதி வாடிக்கையாளரின் கணினியிலேயே நடக்கிறது. அந்தக் கணினி அலுவலகத்துக்குச் சொந்தமில்லை. அதில் விபிஎன் போட்டு அலுவலகத்துக்குள் கொண்டுவருவது உதவியல்ல, ஆபத்து. எதிர்முனையில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். எண்ணைப் படிக்கிறார், அனுமதி தருகிறார், வேலை முடிந்ததும் மூடுகிறார். இங்கே இடைநிலை சர்வர் வழியே பொருத்தம்: கட்டணப் பதிப்பு, ஒவ்வொரு முறையும் புது எண், நிரந்தரக் கடவுச்சொல் கூடாது.

மற்றது, கிள்ளானில் உள்ள சரக்கு முகவர் நிறுவனம். இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2 என்று சுங்கப் படிவங்கள் இரவு பகலாகப் போகின்றன; கப்பல் காத்திருக்காது. பூலாவ் இண்டாவில் உள்ள கிடங்கின் கணினி இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால் அதன் முன் ஆள் இருக்கமாட்டார். ஆளில்லாக் கணினியை இடைநிலைச் சேவையில் நிரந்தரக் கடவுச்சொல்லோடு விட்டுவைத்தால், அந்தச் சொல் கசியும் நாளில் கிடங்கே கசியும். கிடங்கின் ஃபயர்வால் தலைமை அலுவலக ஃபயர்வாலைத் தானே அழைத்து, நிலையான சுரங்கம் ஒன்றை வைத்திருப்பதுதான் இங்கே சரி. நிறுவனத்தின் சொந்த மடிக்கணினிகளுக்கும் விபிஎன்னே முதல் வழி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு. விபிஎன் கெட்ட நாளுக்காக மட்டும் இடைநிலைச் செயலி ஒன்று முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கலாம்.

ஆக, பிரிப்புக்கோடு ஊழியர் இருக்கும் தூரத்தில் இல்லை. இணைய வேகத்திலும் இல்லை. கணினி யாருடையது, அதன் முன் ஆள் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தருகின்றன. சொந்தக் கணினி என்றால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விபிஎன். பிறர் கணினி, ஆள் உண்டு என்றால் இடைநிலை சர்வர். பிறர் கணினி, ஆளும் இல்லை என்றால் தொடக் கூடாது.

இரண்டும் காக்காத இடம்

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஒரு மோசடி முறையை அம்பலப்படுத்தியது. ஊழியரின் மின்னஞ்சலைக் குப்பை அஞ்சல்களால் நிரப்புகிறார்கள். பிறகு ஐடி பிரிவு பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, “சரிசெய்து தருகிறோம்” என்று விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். ஊழியரே குறியீட்டைத் தட்டி, ஊழியரே அனுமதி தருகிறார். ஃபயர்வாலின் கணக்கில் அது உள்ளிருந்து வெளியே போன இணைப்பு, தடுக்க ஒன்றுமில்லை. இணையவழி நிதி மோசடிகளுக்கென்று 2022 அக்டோபரில் 997 என்ற எண்ணோடு தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்ட நாடு இது. இந்தத் தந்திரம் இங்கே எடுபடாது என்று யாரும் சொல்ல முடியாது.

கணினிகள் கடைப்பிடிக்கும் விதியை மனிதர்கள் மீறுவதால்தான் இது பலிக்கிறது. தொழில்நுட்பத்தில் ஊழியரின் கணினிதான் முதலில் அழைக்கிறது. வெளியிலிருந்து வருவதை அது வாங்குவதில்லை. தொலைபேசியிலோ ஊழியர் அழைப்பை வாங்குகிறார், வந்த குரலை நம்புகிறார்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் அதோடு எழுதிவைக்க வேண்டிய ஒரு வரி உண்டு: ஐடி பிரிவு தானாக அழைத்து யார் கணினிக்குள்ளும் நுழையாது, உதவி வேண்டியவர், ஊழியர் அட்டையின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு முதலில் அழைக்க வேண்டும். ஐடி பிரிவே அழைக்க நேர்ந்தால், “வைத்துவிட்டு நீங்கள் அழையுங்கள்” என்று சொல்ல வேண்டும். புதிய உரிமம் வாங்கத் தேவையில்லை, ஃபயர்வாலில் ஒரு விதியும் எழுதத் தேவையில்லை. நிர்வாகி ஆனாலும் முதலாளி ஆனாலும் இதற்கு விலக்கு இல்லை என்று நிறுவனம் ஒருமுறை அறிவித்தால் போதும்.